ஒரு கைத் தீனி

பம்பாய்க்கு வெளியே பன்வேலைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த அந்தக் கோழிக்கூடத்தில் காலைத் தீனி நேரத்தில் மனுஷர் பேசுவது மனுஷருக்குக் கேட்காது. வாளியின் பிடி லேசாகக் கிணுங்கினால் போதும், கூடம் முழுக்க உள்ள சேவலும் பெட்டையும் எழுந்து கம்பிவலையில் வந்து மோதும். தீனி விழுந்ததும் அத்தனை சத்தமும் சட்டென்று அடங்கி, தட்டைக் கொத்துகிற ஓசை மட்டும் மிஞ்சும். ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் தட்டு காலியாகிவிடும். அதோடு மறுநாள் காலைவரை அவற்றுக்கு ஒன்றும் கிடையாது. காலித் தட்டைக் கொத்தும், சுவரிலுள்ள ஆணித்தலையைக் கொத்தும், பசியை மறக்கத் தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தரையைச் சேறாக்கும். அதனால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர்க் குழாயையும் அடைத்துவிடுவார்கள்.

இதைக் கேட்டுக் கம்பெனிக்காரர்களை அரக்கர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நாம் ஞாயிற்றுக்கிழமை வாங்கித் தின்கிற கறிக்கோழிக்கும் தாய் தகப்பன் வேண்டுமில்லையா, அந்தத் தாய் தகப்பனின் தாய் தகப்பன்கள் இங்கேதான் இருந்தன. ஒவ்வொரு தலைமுறையிலும் சீக்கிரம் எடை போடுகிற குஞ்சாகப் பார்த்துப் பொறுக்கி, அதையே அப்பனாகவும் ஆத்தாளாகவும் ஆக்கி, அதன் பிள்ளைகளில் மறுபடி கனத்ததைப் பொறுக்கி, இப்படியே வந்ததில் கோழியின் உடம்பு பெருத்தது, கூடவே பசியும் பெருத்தது. அந்தப் பசிக்குத் தக்கபடி போட்டால் மாரில் சதை ஏறிக் கால் தாங்காது. சேவல் பெட்டைமேல் ஏற மாட்டாமல் நிற்கும், பெட்டை முட்டையைத் தாறுமாறாக இடும். மனுஷன் தின்பதற்கென்று கொழுக்க வைத்த வம்சம் விருத்தியாக வேண்டுமென்றால், அது ஆயுசு பூராவும் அரைப்பட்டினி கிடக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்துச் சொல்லப் பெரிய படிப்பு படித்தவர்கள் இருந்தார்கள். அந்த அரைப்பட்டினியை வாளியில் தூக்கிக்கொண்டு போய்ப் போட மாரிசெல்வி இருந்தாள்.

மாரிசெல்விக்கு வீடு கோவண்டியில். காலையில் ஊரெல்லாம் வி.டி. ஸ்டேஷன் பக்கம் முட்டி மோதிக்கொண்டு போகும்போது அவள் எதிர்த்திசையில் பன்வேல் ரயில் ஏறுவாள். உட்கார இடம் கிடைக்கும். பம்பாயில் அதுவே ஒரு யோகம்தான். கூடவே அதே சந்தில் குடியிருந்த ஷைஸ்தா வருவாள். இருவரும் கூடத்து வாசலில் தலைமுழுகி, வீட்டுச் சேலையையும் சல்வாரையும் கொக்கியில் மாட்டிவிட்டு, கம்பெனி உடுப்பும் ரப்பர் பூட்ஸும் போட்டுக்கொண்டு உள்ளே போக வேண்டும். வெளியிலிருந்து நோய் வந்துவிடக் கூடாது என்பதால் ஒரு ஹேர்பின்னைக்கூடக் கொண்டுபோக விடமாட்டார்கள். நடுவில் நடைபாதை, ஒரு பக்கத்து வரிசை மாரிசெல்விக்கு, எதிர் வரிசை ஷைஸ்தாவுக்கு. ஒவ்வொரு அடைப்பிலும் ஒரு சேவல், அதைச் சுற்றிக் கொஞ்சம் பெட்டைகள். எந்தச் சேவலின் பிள்ளை எது என்று தெரிவதற்காக அப்படி.

போன மார்கழியில் ஒரு காலை, தீனி போட்டுவிட்டு ஒரு அடைப்பின் முன்னால் நின்றபோதுதான் சூப்பர்வைசர் அல்தாப் ஓடிவந்து சொன்னான். அவள் புருஷன் அய்யாத்துரை தாராவியில் தோல்பை தைக்கிற பட்டறையில் மெஷின்மேல் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம். மகன் மகேஷ்குமார் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தானாம். மாரிசெல்வி வலையைப் பிடித்துக்கொண்டாள். வலைக்கு அந்தப்பக்கம் வெள்ளைவெளேரென்று ஒரு சேவல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. இந்தா நிக்கானே, இவனை உனக்குத் தாறேன் மாடசாமி, அவியள எந்திரிச்சு நடக்க விட்டுரு என்று அவள் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கம்பெனிச் சேவலை நேர்ந்து விட அவளுக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். வருஷ முடிவில் கழித்த சேவல்களை வேலையாட்களுக்கு எடை போட்டுக் கொடுப்பது வழக்கம், அப்போது வாங்கிக்கொண்டால் ஆயிற்று என்று அவள் நினைத்திருக்கலாம். உண்மையில் அவள் ஒன்றும் நினைக்கவில்லை. கண் எதிரே நின்றதைச் சொன்னாள். சொன்ன பிறகு அதை மாற்றி மார்க்கெட்டில் வேறு சேவல் வாங்கிக் கொடுப்பதெல்லாம் சாமியிடம் செல்லாது.

நேர்ந்து விட்ட உயிருக்கு ஒரு மரியாதை உண்டு. அது யார் வீட்டில் வாய் வைத்தாலும் அடித்துத் துரத்த மாட்டார்கள், பட்டினி போட மாட்டார்கள். பட்டினி போட்டதைக் கொடுத்தால் சாமி முகம் திருப்பிக்கொள்ளும் என்பது திருநெல்வேலிச் சீமைப் பெண்களுக்குப் பாலோடு வந்த பயம். மறுநாள் காலையிலிருந்து மாரிசெல்வி சுவரோரம் வரிசையாக வைத்திருக்கிற வாளிகளிலிருந்து, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று ஒரு கைத் தீனி சேர்த்து எடுத்து, மற்ற கோழிகள் தட்டில் தலையைக் கவிழ்த்திருக்கிற நேரமாகப் பார்த்து அந்தச் சேவலுக்குப் போட்டாள். நாலைந்து நாளில் சேவல் பழகிவிட்டது. தன் பங்கைத் தின்றுவிட்டு வலையோரம் வந்து மூலையில் நிற்கும். அவள் கை வந்தால் சாப்பிடும்.

அய்யாத்துரை தையும் மாசியும் வீட்டிலேயே கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேசினால் மகேஷ்குமாருக்குப் புரியாது, மாரிசெல்விக்குப் புரியும். காலையில் கஞ்சியை ஊட்டி, துடைத்துவிட்டு, திருப்பிப் படுக்க வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடுவாள். கோழி தின்னுச்சா என்று சாயங்காலம் கேட்பார். தின்னுச்சு என்பாள். நேர்ந்து விட்டதை அவரிடம் சொல்லியிருந்தாள். ஒரு நாள் வலது கையை ஊன்றித் தானாக எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அன்றைக்குச் சேவலுக்கு இரண்டு கை போட்டாள்.

பங்குனியில் ஒரு காலை அவர் போய்விட்டார். மாரிசெல்வி அப்போது கூடத்தில் சேவலுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் குளித்து உடுப்பு மாற்றி ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் சந்தில் நாற்காலி போட்டு, அவரைக் குளிப்பாட்டி நெற்றியில் திருநீறு பூசியிருந்தார்கள். மாரிசெல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. வந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள், இவளைக் கட்டிப்பிடித்து உலுக்கினார்கள். பக்கத்து வீட்டு மீனாட்சியம்மாள், அழுதுருடி, உள்ள வச்சுக்கிட்டு இருக்காத என்று காதோடு சொன்னாள். வந்தால்தானே அழுவாள். பதினாறு முடிந்ததும் பழையபடி வேலைக்குப் போனாள். மகன் கொஞ்ச நாள் ஊருக்குப் போய்வா என்றான், அவள் கேட்கவில்லை. குழம்பு வைத்தாள், துணி துவைத்தாள், குழாயடியில் முறைக்காகச் சண்டையும் போட்டாள். மரத்துப்போன காலில் ஊசி குத்தினால் எப்படித் தெரியாதோ அப்படி இருந்தது அவளுக்கு.

தாராவியில் மாடசாமி கோயில் கொடையை நடத்துகிற வானமாமலையிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்டாள். நேர்ந்தபடி நடக்கவில்லை, இனி அந்தச் சேவலை என்ன செய்வது என்று. வானமாமலை சாமியாடுகிறவர், கொஞ்சம் முன்கோபக்காரர், ஆனால் அன்றைக்குத் தணிவாகப் பேசினார்.

"நடக்காத நேர்ச்சைக்குக் கடன் கெடையாது தாயி. சாமி ஒங்கிட்ட கேக்க முடியாது. விட்டுரு."

"விட்டுருதேன் சித்தப்பா" என்றாள்.

மறுநாள் காலை சேவல் வலையோரம் வந்து நின்றது. அவள் கை பாட்டுக்கு வாளிக்குள் போனது, ஒரு கை எடுத்தது, போட்டது.

இப்படிப் போட்டுப் போட்டு சேவல் மலைபோல ஆகிவிட்டது. வாராவாரம் எடை போடும்போது மாரிசெல்விதான் அதைத் தூக்கிக் கொடுப்பாள், அல்தாப் தராசு முள்ளைப் பார்த்துச் சொல்வான். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. வரவும் முடியாது. கனத்தை வளர்க்கிற கூடத்தில் ஒரு சேவல் கனத்தால் அதை வம்சத்தின் பெருமை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மாட்டுங்காவிலிருந்து காரில் வருகிற அனந்தகிருஷ்ணன் சார் அந்தச் சேவல் முன்னால் நின்று சிரித்ததை மாரிசெல்வி பார்த்தாள். பாலக்காட்டுப் பூர்விகம், கால்நடைப் படிப்பில் டாக்டர் பட்டம், எந்தச் சேவலின் வாரிசை அடுத்த தலைமுறைக்கு அப்பனாக்குவது என்று முடிவு செய்கிறவர் அவர்தான். இதன் ரத்தத்தில் விஷயம் இருக்கிறது, இதன் பையன்களைத்தான் அடுத்த வருஷம் அப்பன்களாக நிறுத்தப் போகிறேன் என்று அல்தாப்பிடம் சொன்னார். மாரிசெல்வி வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள்.

சித்திரையில் அந்த அடைப்பு முட்டைகள் கூமுட்டையாகத் தொடங்கின. பொரிப்பு மெஷினில் வைத்துச் சில நாளில் விளக்கடித்துப் பார்ப்பார்கள். கரு பிடித்த முட்டையில் சிலந்தி கால் விரித்ததுபோலச் சிவப்பு நரம்பு தெரியும். அந்த அடைப்பு முட்டைகள் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தன. முதலில் வெயில் என்றார்கள், விசிறி கூடப் போட்டார்கள், தண்ணீர் பீய்ச்சினார்கள். வைகாசி வந்தும் தெளிவு மாறவில்லை. பிறகு அனந்தகிருஷ்ணன் சார் ஒரு நாள் முழுக்க ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சேவலைப் பார்த்தார். பெட்டை தானாக வந்து குனிந்து கொடுத்தது. சேவல் இறக்கையை விரித்துச் சுற்றி வந்தது, ஒரு காலைத் தூக்கி மேலே வைத்தது, உடம்பைத் தூக்க முடியாமல் இறங்கி மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தது. ஆசை இருந்தது, ஆகவில்லை. மாரிசெல்விக்கு அதற்குமேல் பார்க்க மனமில்லை, எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சார் முடிவு சொன்னார். வளர்ச்சியை மட்டும் பார்த்துப் பொறுக்கியதில் இந்தக் குடும்பத்தில் விருத்தி போய்விட்டது. அண்ணன் தம்பி, அக்கா தங்கை என்று இந்த வம்சத்துக் கோழிகள் எத்தனை அடைப்பில் இருக்கின்றனவோ அத்தனையையும் கழித்துவிட வேண்டியதுதான். பாதி அடைப்பு காலியானால் இரண்டு பெண்கள் எதற்கு என்ற கேள்வி தானாக வந்தது. வேலைக்குப் பிந்திச் சேர்ந்தவள் ஷைஸ்தா. அடுத்த வாரத்திலிருந்து வரவேண்டாம் என்று அல்தாப் தலையைக் குனிந்துகொண்டு அவளிடம் சொன்னான்.

அன்று திரும்பும் ரயிலில் ஷைஸ்தா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். வாஷி பாலத்தில் கடல்காற்று முகத்தில் அடித்தது. அவளுக்குத் தமிழ் கோவண்டிச் சந்தில் விளையாடிப் பிடித்தது. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவள், புருஷனுக்கு நிலையான வேலை கிடையாது. இனி மாமியார் என்ன பாட்டுப் பாடுவாள் என்று கொஞ்சம் சொன்னாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டாள்.

"மௌசி, ஒண்ணு கேக்கவா? அந்த முர்கா, மன்னத் கா முர்கா, நேந்து விட்ட சேவல் தானே?"

மாரிசெல்விக்குத் தூக்கிவாரிப் போடவில்லை. எதுவுமே அவளைத் தூக்கிவாரிப் போட்டு நாளாயிற்று. "எப்பத்துலருந்து தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

"ஷுரூ சேயே, மொதல்லருந்தே தெரியும். என் வாளியில இருந்தும் எடுக்கிறீங்க இல்ல. நான் பாத்தேன், வாயத் தொறக்கல. எங்க அம்மாவும் தர்காவுக்கு பக்ரா, ஆடு மன்னத் வெச்சா, வீட்ல நாங்க சாப்பிடலன்னாலும் அதுக்குப் போடும்."

"சாருட்ட சொல்லியிருக்கலாம்லா. ஒன் வேலை போவுதுல்லா."

"நான் எப்படி மௌசி சொல்றது? அது உங்க ஊட்டுக்காரர் விஷயம். அதுக்குத்தான் கை போவுது, எனக்குத் தெரியாதா."

மான்கூர்டில் கூட்டம் ஏறியது. ஷைஸ்தா எழுந்து ஒரு கிழவிக்கு இடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் கோபம் துளியும் இல்லை. கோபம் இருந்திருந்தால் மாரிசெல்விக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். மகேஷ்குமார் தட்டைப் பார்த்துவிட்டு, உப்பு இல்லை என்று சொல்லாமல் தானே எடுத்துப் போட்டுக்கொண்டான். கொஞ்ச நாளாக அவன் அப்படித்தான். அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது, டாக்டரிடம் காட்டலாமா என்று அவன் மீனாட்சியம்மாளிடம் கேட்டது அவள் காதுக்கும் வந்திருந்தது. "அம்மா, நீ சாப்ட்டியா?" என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றாள். சாப்பிட்டாளா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை.

மறுநாள் தீனி வேலை முடிந்ததும் குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனாள். அனந்தகிருஷ்ணன் சார் டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடுகிறவரிடம் இதைச் சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"சார், அந்தச் சேவலு கனத்தது ரத்தமில்ல சார். என் கைதான்."

"என்ன சொல்றே? புரியும்படியாச் சொல்லு."

"மார்கழியிலருந்து தெனமும் ஒரு கை கூடப் போட்டேன் சார். வாளியிலருந்து எடுத்து. ஷைஸ்தாவுக்கு இதுல ஒண்ணும் கெடையாது. அந்த வம்சத்த அழிக்காதிய. அதுகளுக்கும் இதுல ஒண்ணும் கெடையாது."

சார் ஸ்பூனைக் கீழே வைத்தார். அவருக்கு முதலில் வந்தது கோபம்தான். அதில் தப்பில்லை. இந்தச் சேவலின் வளர்ச்சியைப் பாருங்கள் என்று பெரிய மீட்டிங்கில் படம் போட்டுக் காட்டியிருந்தார். உன் ஒரு கைத் தீனியை நான் ரத்தம்னு நினைச்சுண்டு ஊரெல்லாம் சொல்லியிருக்கேன் என்று குரலை உயர்த்தினார். மாரிசெல்வி அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அசையாமை அவரை என்னவோ செய்திருக்க வேண்டும். குரல் இறங்கியது.

"எதுக்குப் போட்டே?"

"எங்க வீட்டுக்காரவியளுக்காண்டி நேந்து விட்டது சார். வாதம் வந்து கெடந்தாவ. நேந்து விட்டதப் பட்டினி போடக்கூடாது."

"இப்போ எப்படி இருக்கார்?"

"பங்குனியில தவறிட்டாவ."

சாருக்குத் தெரிந்திருக்க வேண்டும், லீவு கொடுத்தது அவருடைய ஆபீஸ்தான். தெரியவில்லை. டப்பாவை மூடினார். அதை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கேட்டார்.

"அப்புறமும் ஏன் போட்டுண்டு இருக்கே? அவர்தான் போயிட்டாரே."

மாரிசெல்வி இந்தக் கேள்வியை யோசித்து வரவில்லை. வானமாமலை கேட்கவில்லை, மகன் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"கைய நிறுத்துனா அவிய செத்தது நெசமாயிரும்லா சார்."

சொல்லிவிட்டு அவளே அதைப் புதிதாகக் கேட்பவள்போல நின்றாள்.

அனந்தகிருஷ்ணன் சார் எழுந்து ஜன்னல்பக்கம் போனார். மழை மேகம் மலைமேல் இறங்கியிருந்தது. வெளியே பார்த்தபடிதான் பேசினார். தப்பு முழுக்க அவளுடையது இல்லை என்றார். மற்ற அடைப்புகளிலும் வருஷத்துக்கு வருஷம் கூமுட்டை கூடிக்கொண்டுதான் வருகிறது, அங்கெல்லாம் யாரும் கூட ஒரு கை தீனி போடவில்லையே என்றார்.

"இதோட பாட்டன் சேவலுக்கு நீ ரெண்டு கை போட்டிருந்தாலும் துள்ளிண்டு திரிஞ்சிருக்கும். ஒரு கை தாங்காத உடம்பை நாங்கதான் செஞ்சு வச்சிருக்கோம். பாதி உன் கை, பாதி எங்க கை."

வம்சத்தைக் கழிப்பதை இப்போதைக்கு நிறுத்தி வைப்பதாகச் சொன்னார். சேவலின் தீனியைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, எடை இறங்கினால் மறுபடி பெட்டைமேல் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை எல்லா அடைப்பும் இருக்கும், ஷைஸ்தாவும் இருப்பாள். விஷயம் தெரிந்ததும், மாரிசெல்வியை வேறு வேலைக்கு மாற்றலாமா என்று அல்தாப் கேட்டான். சார் வேண்டாம் என்றார். புது ஆள் போனால் சேவல் மிரளும். அவளே போடட்டும், நாளையிலிருந்து அந்த ஒரு கை மட்டும் கிடையாது.

மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் மழையும் கீழே கோழிகளுமாக ஒரே இரைச்சல். மாரிசெல்வி வரிசை முழுக்கத் தீனி போட்டு முடித்துவிட்டுத் திரும்பி வந்தாள். சேவல் தன் பங்கைத் தின்று முடித்துவிட்டு, வழக்கம்போல வலையோரம் மூலையில் வந்து நின்றது. கனத்த உடம்பை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றிக்கொண்டது. தலையைச் சாய்த்து அவள் கையைப் பார்த்தது.

அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். சேவல் வலையைக் கொத்தியது. அவள் நகரவில்லை. மறுபடியும் கொத்தியது. அது இப்போது போய்விடும், இப்போது போய்விடும் என்று நின்றாள். அது போகவில்லை. மற்ற கோழிகள் காலித் தட்டைக் கொத்தப் போய்விட்டன, இது மட்டும் நம்பிக்கையோடு நின்றுகொண்டிருந்தது.

"இனி இல்லய்யா" என்றாள் மாரிசெல்வி. "அவிய இல்லய்யா. போயிட்டாவ."

அவள் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன்னுடையதுதானா என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு சத்தம் நிற்கவில்லை. மாரில் அடித்துக்கொண்டு, பூட்ஸ் காலை நீட்டிப்போட்டுக்கொண்டு, என்னப் பெத்த ராசா என்று அவரை அழைத்து அழுதாள். காலையில் கஞ்சி ஊட்டிவிட்டு அவசரமாக ஓடியதைச் சொல்லி அழுதாள். கோழி தின்னுச்சா என்று அவர் கோணல் வாயால் கேட்டதைச் சொல்லி அழுதாள். எதிர் வரிசையிலிருந்து ஷைஸ்தா ஓடிவந்து அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அழாதே என்று சொல்லவில்லை.

சத்தம் கேட்டு அல்தாப் நனைந்துகொண்டு வந்தான். என்ன ஆயிற்று, பாம்பு கீம்பு கடித்துவிட்டதா என்று பதறினான்.

"மௌசியோட ஊட்டுக்காரர் இறந்துட்டார்" என்றாள் ஷைஸ்தா.

அது பங்குனியிலேயே நடந்ததுதானே, நானும் வந்திருந்தேனே என்று அல்தாப் விழித்தான்.

"நஹீ. இன்னிக்கு" என்றாள் ஷைஸ்தா. பிறகு மாரிசெல்வியைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்துவிட்டு, அவளுடைய வாளிகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.